மாதிரிக் கசிவு

குடிநீர் வாரியத்தில் வாலு பயிற்சிக்குச் சேர்ந்தது எதையும் கற்றுக்கொள்வதற்காக அல்ல. ஒரு கசிவை அடைப்பதற்காக.

அந்தக் கசிவு அவர்கள் தெருமுனையில் இருந்தது. தரைக்கடியில் போகும் பெரிய குழாயில் எங்கோ ஒரு விரிசல். அதன் வழியே மேலே வந்த தண்ணீர் நடைபாதை ஓரமாகத் தன் பாட்டுக்கு ஓடி, சாக்கடையில் இறங்கி நிம்மதியடைந்தது. தெருக்காரர்கள் அதைத் தாண்டிப் போகப் பழகிவிட்டார்கள். தாண்ட முடியாமல் மாட்டிக்கொண்டவள் வாலுவின் அம்மாதான். அதே தெருவில் அவள் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்தாள். ஊர் விழித்துக்கொள்ளும் நேரத்துக்கு அவள் கடைக் குழாய் இளைத்துவிடும். நாற்காலியில் சாய்ந்திருப்பவர் தலையில் ஷாம்பூ போட்டு, நுரை பொங்கத் தேய்த்துவிட்டு, அம்மா குழாயைத் திறப்பாள். குழாய் ஒரு பெருமூச்சு விடும். அதற்கு மேல் அதனிடம் ஒன்றும் இருக்காது. வங்கி மேலாளர் அம்மையார் ஒருவர் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, நுரையின் மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு அப்படியே கூட்டத்துக்குப் போனார். அதற்குப் பிறகு அந்த வங்கியிலிருந்து ஒரு தலைகூடக் கடைக்கு வரவில்லை.

அப்பா பேருந்து ஓட்டுநர். திங்கட்கிழமை அவருக்கு வார விடுப்பு. மற்ற ஓட்டுநர்கள் விடுப்பு நாளில் தூங்குவார்கள். இவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு குடிநீர் வாரியத்துக்குப் புகார் கொடுக்கப் போவார். திரும்பி வரும்போது முகம் பளபளவென்றிருக்கும்.

"இன்னைக்குப் புதுசா படிச்ச பசங்க உக்காந்திருந்தாங்க. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டாங்க. ஒரு பையன், 'கொஞ்சம் மெதுவா சொல்லுங்க சார்'ங்கிறான். என்னைப் போய் சார்ங்கிறான்! இந்தத் தடவை நடந்துடும், பாரேன்."

"சரி சரி, அந்தத் துண்டை எடுங்க" என்பாள் அம்மா. அவள் கையில் எப்போதும் யாருடைய தலையாவது இருக்கும்.

அவர் நம்பிக்கைக்கும் காரணம் இல்லாமலில்லை. வருடா வருடம் ஹெல்மெட் போட்ட ஒரு கூட்டம் வேனில் வந்து இறங்கி, கசிவைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அளவெடுக்கிறார்கள், அடுத்த வாரம் ஆள் வந்துவிடும் என்று தெருவே பேசிக்கொள்ளும். போன மழைக்காலத்தில் அப்பா, மாரடைப்பில், பணிமனையிலேயே போய்ச் சேர்ந்தார். கசிவு இருந்தது.

"இந்த வருஷக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன்டி" என்றாள் அம்மா. "தண்ணி வரலைன்னா கடையை மூடிட்டு, அந்தப் பெரிய ஓட்டல்ல இருக்கிற பார்லர்ல கூலிக்கு நிக்கப் போறேன். எத்தனை பேர் தலையைத்தான் நுரையோட அனுப்பறது?"

அந்தக் கடை அப்பாவும் அம்மாவும் சேர்ந்து சுவருக்கு வண்ணமடித்துத் தொடங்கியது. அதே வாரம்தான் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு விளம்பரம் ஒட்டினார்கள்: பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் குடிநீர் வாரியத்தில் கோடைகாலப் பயிற்சி.

"உங்கப்பா வெளியில நின்னு பார்த்தார்" என்றாள் அம்மா. "நீ உள்ள நின்னு பாரு."

*

முதல் நாள் பயிற்சிக் கூடத்தில் ஆளுக்கு ஒரு ஹெல்மெட், ஒளிரும் சட்டை, கழுத்தில் தொங்கவிட அட்டை எல்லாம் கொடுத்தார்கள். பிறகு அவற்றைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சி அலுவலர் நல்ல குரல் வளம் உள்ள பெண்மணி. எல்லாரும் அவரைப் பயிற்சி மேடம் என்றார்கள்.

"மாணவச் செல்வங்களே, இங்க முதல் விதி பாதுகாப்பு. பயிற்சியில இருக்கிறவங்க தண்ணியைத் தொடக் கூடாது."

வாலு கையைத் தூக்கினாள். "மேடம், இது குடிநீர் வாரியம்தானே?"

"அதனாலதான் சொல்றேன். வெளியில தண்ணின்னா தண்ணி. இங்க அது துறைச் சொத்து."

"தாகம் எடுத்தா?"

"உங்களுக்கு நியமிச்ச வழிகாட்டி அலுவலர் கூட வருவார். அவர் பிடிச்சுத் தருவார். நீங்க கவனிச்சுக்கணும்."

வாலுவின் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் உட்கார்ந்திருந்தாள். இதுவரை தான் வாங்கிய சான்றிதழ்கள் வீட்டுச் சுவரில் இடமில்லாமல் கூரைக்கு ஏறிவிட்டன என்று அறிமுகத்திலேயே சொன்னவள். அவளுக்கு அப்போதே முதல் பெஞ்சு என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் 'கவனிக்கணும்' என்பதை எழுதி, கீழே கோடும் போட்டாள்.

"இன்னொண்ணு" என்றார் மேடம். "நீங்க இங்க வந்ததால வேலை நடக்கணும்னு எங்களுக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை. நடக்காட்டி வருத்தமும் இல்லை. வேலை எப்படி நடக்கும்ங்கிறது உங்களுக்குப் புரிஞ்சாப் போதும். எங்களுக்கே அப்படித்தான்."

எல்லாரும் கை தட்டினார்கள்.

அடுத்து நிழல் பயிற்சி. ஒவ்வொரு மாணவரும் ஓர் அதிகாரிக்கு நிழலாக இருந்து, அவர் போகுமிடமெல்லாம் போக வேண்டும். வாலுவுக்கு ஓர் உதவிப் பொறியாளர் கிடைத்தார். பாவம், யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது வேலை செய்து அவருக்குப் பழக்கமில்லை. ஒரு வரைபடத்தை விரித்தார், சுருட்டினார். பக்கத்து அறைக்குப் போய், "நான் எதுக்கு வந்தேன்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினார். வாலு பின்னாலேயே போனாள். பள்ளி மாணவர்களுக்கு அதிகாரிகள் போதாமல் போனதால், முதல் பெஞ்சை வாலுவுக்கே நிழலாகப் போட்டிருந்தார்கள். அவள் வாலுவின் பின்னால் வந்தாள். உதவிப் பொறியாளர் கழிப்பறைக்குப் போனால், வாசலில் ஒரு நிழல், அந்த நிழலுக்கு ஒரு நிழல்.

"வாலு அக்கா கொட்டாவி விட்டார்" என்று முதல் பெஞ்சு எழுதிக்கொண்டாள்.

"அடியே, அதெல்லாம் எழுதாதே."

"'எழுதாதே என்றார்.' நல்லா இருக்கே அக்கா, இதையும் சேர்த்துக்கறேன்."

வாரத்தின் நடுவில் உதவிப் பொறியாளருக்கு இடமாற்ற ஆணை வந்தது. வாலு தன் வாழ்நாளில் பார்த்த எதுவும் அத்தனை வேகமாக நடக்கவில்லை. காலையில் ஆணை, மதியத்துக்குள் மேசை காலி, கேக் வெட்டியாயிற்று, இரண்டு பேர் கண்ணைத் துடைத்தாயிற்று, ஜீப் வாசலில். குழாய், பள்ளம், மின்தூக்கி, எதுவும் அசையாத அந்தக் கட்டடத்தில் ஆட்கள் மட்டும் சரசரவென்று நகர்ந்தார்கள். நிழல் எங்கே போவது என்பதற்கு விதி இல்லாததால் வாலுவும் முதல் பெஞ்சும் ஜீப்பில் ஏற்றப்பட்டு, நகரத்தின் மறுகோடிக்குப் போய், மறுநாள் தபால் பையோடு திரும்பி வந்தார்கள்.

*

அதன் பிறகு களப் பயணம். வேனில் ஏற்றினார்கள். உள்ளேயும் ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது என்பதால் வேகத்தடைக்கு வேகத்தடை 'டங்' என்று மண்டைகள் மோதிக்கொண்டன. வேன் ஒரு தெருவுக்குள் திரும்பியது. இறங்கினால், அவள் தெரு. முன்னால் அந்தக் கசிவு. அக்கம்பக்கத்துச் சன்னல்கள் நம்பிக்கையோடு திறந்தன.

பயிற்சி மேடம் குரலைத் தாழ்த்தி, தூங்கும் குழந்தையைக் காட்டுவது போலக் காட்டினார்.

"இதுதான் நம்ம வாரியத்தோட மாதிரிக் கசிவு."

"மாதிரின்னா?" என்றாள் வாலு.

"கசிவுன்னா எப்படி இருக்கணுமோ அப்படி. ரொம்ப வேகமும் இல்லை, ரொம்ப மந்தமும் இல்லை. நிதானம். வெளிநாட்டுக்காரங்ககூட வந்து படம் பிடிச்சுட்டுப் போனாங்க. உங்களுக்கு முன்னாடி வந்த எல்லாக் குழுவும் இதைத்தான் ஆராய்ச்சி பண்ணிச்சு. 'உடனே சரிசெய்ய வேண்டும்'னு எவ்வளவு அருமையா அறிக்கை எழுதியிருக்காங்க தெரியுமா? எல்லாத்தையும் கண்ணாடி அலமாரியில வெச்சிருக்கோம்."

"அப்புறம் ஏன் மேடம் சரிசெய்யலை?"

மேடம் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "சரிசெஞ்சுட்டா அடுத்த வருஷப் பசங்க எதைப் பார்ப்பாங்க? உங்க தம்பி தங்கச்சிங்களை நினைச்சுப் பாரும்மா."

வேனோடு வந்திருந்த ஃபிட்டர், ஸ்பானரைத் துடைத்தபடி முன்னால் வந்தார். அந்த முகத்தை வாலு சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். அவர் வந்தாலே தெரு சந்தோஷப்படும். அடைக்க வந்திருக்கிறார் என்று அப்பா அவருக்கு டீ வாங்கிக்கொடுப்பார்.

"இதைப் பார்த்துக்கறது நான்தாம்மா" என்றார் ஃபிட்டர், பெற்றவன் பெருமையோடு. "வெயில் காலத்துல கொஞ்சம் சோர்ந்து போயிடும். நான் வந்து லேசா ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவேன். பழையபடி தெளிஞ்சுடும்."

அதற்குள் கடை வாசலிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். முழங்கை வரை நுரை.

"அடியே வாலு, தலையில சட்டியைக் கவுத்துக்கிட்டு அங்க என்னடி பண்றே?"

"களப் பயணம்மா!"

"வீட்டுக்கு வர்றதுக்கா வேன் ஏறிப் போனே?"

மேடத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஓ, பாதிக்கப்பட்ட பொதுமக்கள்! ரொம்ப நல்லதாப் போச்சு. வாங்கம்மா, வாங்க. பசங்க பொதுமக்களைப் பார்த்து நாளாச்சு." பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பினார். "முன்னெல்லாம் நமக்கு ஒருத்தர் தவறாம வருவார். திங்கட்கிழமை ஆச்சுன்னா டாண்ணு வந்து நிப்பார். இந்தத் தெருக்காரர்தான். 'பொதுமக்கள் குறைகேட்பு' வகுப்பையே நாங்க திங்கட்கிழமைக்கு மாத்தினோம், அவருக்காக. புதுசா வர்ற பசங்க எல்லாம் அவர்கிட்டதான் கேட்டுப் பழகுவாங்க. கோபமே வராது மனுஷனுக்கு. இப்பக் கொஞ்ச நாளா ஆளைக் காணோம். அந்த வகுப்பே படுத்துடுச்சு."

தெருவில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அம்மா கையிலிருந்த நுரையைப் பார்த்தாள். ஏப்ரனில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு மெதுவாகத்தான் மூடியது. வாலு ஹெல்மெட்டைக் கண்ணுக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அன்று மாலை அம்மாவும் மகளும் கடையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாதான் ஆரம்பித்தாள்.

"அவர் போனதெல்லாம் பாடம் நடத்தவா?"

"ஆமாம்மா."

"சம்பளம் கேக்காத வாத்தியார்" என்று அம்மா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "நீ அந்த வேலையை விட்டுடு. போதும்."

"இரும்மா. அவங்ககிட்டச் சரிசெய்யச் சொன்னா அலமாரியில வெச்சுடுவாங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச வேலை ஏதாவது இருந்தா அதைத்தான் கேக்கணும்."

"அவங்களுக்கு என்ன வேலைடி தெரியும்?"

வாலு யோசித்தாள். மேசை, கேக், ஜீப் எல்லாம் மனதில் ஓடின. அவள் வாயின் ஓரத்தில், அந்தப் பெயரை அவளுக்கு வாங்கிக் கொடுத்த பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது.

*

நிறைவு விழாவில் தலைமைப் பொறியாளரே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். மாணவர்கள் ஒவ்வொருவராக மேடையேறி, கசிவை உடனே சரிசெய்ய வேண்டும் என்று வண்ணப் படங்களோடு விளக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் தலைமைப் பொறியாளர் மனதாரக் கை தட்டினார். முதல் பெஞ்சு, சரிசெய்வதை வரைபடமாகவே போட்டுக் காட்டினாள். வாலுவின் முறை வந்தது.

"மதிப்புக்குரிய ஐயா, எனக்கு முன்னாடி பேசினவங்க கசிவைக் குறை சொன்னாங்க. நான் சொல்ல மாட்டேன். இவ்வளவு வருஷம், மழை வெயில் பார்க்காம, ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காம உழைச்ச ஒரு கசிவை, நீங்க ஒரு சந்துலயே வெச்சிருக்கீங்க. இது நியாயமா?"

கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அதோட அனுபவத்துக்கு அது தலைமை அலுவலகத்துல இருக்க வேண்டாமா? விருந்தாளிங்க வந்தா வேன்ல ஏறி, தலையில அடிபட்டு, சந்துல நின்னு பார்க்கணுமா? நம்ம வாசல்லயே, போர்ட்டிகோ பக்கத்துல, எல்லாரும் பார்க்கிற இடத்துல இருந்தா எப்படி இருக்கும்! அதுக்கு இடமாற்றம் குடுங்க ஐயா."

இடமாற்றம் என்ற சொல் காதில் விழுந்ததும் அதிகாரிகள் அத்தனை பேரும் தங்களை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார்கள். பிறகு தங்களுக்கு இல்லை என்று தெரிந்து உட்கார்ந்தார்கள்.

பயிற்சி மேடம்தான் முதலில் சுதாரித்தார். "ஆனா, புது இடத்துல சேர்றதுக்கு முன்னாடி பழைய இடத்துல விடுவிக்கணுமே?"

"ஆமா மேடம். முறைப்படி விடுவிக்கணும்."

"கசிவை விடுவிக்கிறதுன்னா..."

பின்வரிசையிலிருந்து ஃபிட்டர் சொன்னார்: "அடைக்கணும்."

யாரோ கெட்ட வார்த்தை சொன்னது போலக் கூடமே திரும்பிப் பார்த்தது. தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அடைக்கிறது இல்லைய்யா. பணிவிடுவிப்பு." மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்தார். "நண்பர்களே, இந்த மாணவி என் கண்ணைத் திறந்துட்டா. நான் இந்த வாரியத்துல சேர்ந்த நாள்லருந்து எத்தனையோ கசிவுகளை அடைச்சிருக்கேன். ஒருத்தராவது அதை நினைவு வெச்சிருக்காங்களா? இல்லை. அடைக்காம விட்ட இந்த ஒரு கசிவுக்குத்தான் எனக்கு விருது கிடைச்சுது. அதுக்கு நான் என்ன கைம்மாறு செஞ்சேன்? ஒண்ணுமில்லை. தண்ணி எங்க வேணும்னாலும் போய்ச் சேரும். ஒரு வாரியத்தோட பெருமை அது எங்க போய்ச் சேராம நிக்குதுங்கிறதுலதான் இருக்கு!"

கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று.

"ஐயா, நானும் தலைமை அலுவலகத்துக்கு வந்துடலாமா?" என்று ஃபிட்டர் கேட்டார். "என்னை விட்டா அதுக்கு ஆகாது."

"ரெண்டு பேருக்கும் சேர்த்தே ஆணை போடுங்க" என்றார் தலைமைப் பொறியாளர், கண்ணாடியை மறுபடியும் துடைத்தபடி.

மறுநாளே நடந்தது. தெருவில் முற்பகலில் பணிவிடுவிப்பு. ஃபிட்டர் கொஞ்சம் மண்ணைத் தோண்டினார், உள்ளே கையை விட்டார், ஒரு வளையத்தைப் போட்டு முறுக்கினார். கொண்டுவந்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. வாலு அந்த டீயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருடமாக அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

பிற்பகலில் தலைமை அலுவலக வாசலில் பணியேற்பு. போர்ட்டிகோ பக்கம் குழாயில் துளை போட்டார்கள். தலைமைப் பொறியாளர் தம் கையால் கடைசிச் சுற்றுத் திருக, புது இடத்து உற்சாகத்தில் கசிவு நிதானத்தை மறந்து சீறி, அவரைக் கோட்டோடு குளிப்பாட்டியது. புகைப்படக்காரர் எடுத்துத் தள்ளினார். அன்று முதல் அந்தக் கட்டடத்தின் மாடிகளில் தண்ணீர் ஏறவில்லை. தலைமைப் பொறியாளர் அறை உச்சி மாடியில். கசிவின் மேல் குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. தலைமை அலுவலகத்துக்கு வந்துவிட்ட ஒன்றைப் பற்றி அங்கே யாரும் குறை சொல்வதில்லை. கை கழுவ ஆட்கள் எதிர்ச்சாரி உணவகத்துக்கு நடந்தார்கள்.

பயிற்சியில் எல்லாரும் தேறினார்கள், வாலுவைத் தவிர. அவளுக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டது. காரணத்தைப் பயிற்சி மேடம் கூட்டத்தில் வாசித்தார்: "ஆர்வம் இருந்தும், பழுதைச் சரிசெய்ய வேண்டும் என்ற எண்ணம் இந்த மாணவியிடம் ஒரு முறைகூட வெளிப்படவில்லை."

*

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, பயிற்சி மேடம் கடைக்குள் நுழைந்தார். மாலையில் ஒரு விழா. தலை குளிக்க வேண்டும். அலுவலகத்துக் குடியிருப்பிலும் இப்போது தண்ணீர் ஏறுவதில்லை. வாலு தரையில் கிடந்த முடியைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"அட, நீயா! வருத்தப்படாதே என்ன. அடுத்த வருஷம் திரும்ப முயற்சி பண்ணு" என்றபடி மேடம் நாற்காலியில் சாய்ந்தார்.

அம்மா குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டியது. காலையிலிருந்து அப்படித்தான் கொட்டிக்கொண்டிருந்தது. வங்கிக்காரர்கள்கூடத் திரும்ப வரத் தொடங்கியிருந்தார்கள். அம்மா ஷாம்பூவைப் போட்டுத் தேய்த்தாள். நுரை பொங்கி நெற்றிக்கு வந்ததும் குழாயை மூடினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"என்னாச்சும்மா? தண்ணி நின்னுடுச்சா?"

"இல்லை மேடம். நான்தான் நிறுத்தியிருக்கேன்."

"ஏன்?"

"திங்கட்கிழமை ஒருத்தர் வருவாருன்னு சொன்னீங்களே. அவர் என் வீட்டுக்காரர்."

நாற்காலியில் ஓர் அசைவு. நுரை வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. வாலு துடைப்பத்தோடு அப்படியே நின்றாள்.

"அவர் இறந்துட்டார் மேடம். அங்க வந்து என்னதான் பேசுவார்? வீட்டுக்கு வந்து சொல்ல ஆரம்பிப்பார். எனக்குக் கையில வேலை இருக்கும். முழுசாக் கேட்டதே இல்லை."

மேடம் பேசியபோது மேடைக் குரலைக் காணோம். "குழாயைப் பத்திக் கொஞ்சம்தாம்மா சொல்வார். மிச்சமெல்லாம் உங்களைப் பத்திதான்."

"என்னைப் பத்தியா?"

"என் வீட்டுக்காரி முடி வெட்டினா, வந்தவங்க கண்ணாடியைப் பார்த்துட்டு ஒரு நிமிஷம் எழுந்திருக்கவே மாட்டாங்கன்னு சொல்வார். அதெல்லாம் புகார்ல சேராதுன்னு பசங்களை எழுத வேண்டாம்னு சொல்லிடுவேன். ஆனா அவர் சொல்வார். ஒவ்வொரு தடவையும்." மேடம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "எரியுதும்மா."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி, தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மேடத்தின் தலைக்கடியில் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கினாள். இன்னொரு கையால் குழாயைத் திறந்தாள்.

"சூடு போதுமா மேடம்?" என்றாள்.